வேதியியல் ஆசிரியர் பயிற்சி ஆய்வகத்தில் நடக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக மேல்நிலை வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். பிள்ளைகள் மனத்திலும் அதே பாகப்பிரிவினைதான்: டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றை அளக்கும் சோதனை) ஆய்வகத்துக்கு, சமன்பாடு பரீட்சைக்கு. இரண்டையும் ஒரே பணியில் சோதிக்கும் ஒருங்கிணைந்த மதிப்பீட்டை வடிவமைக்க ஆசிரியர்களைப் பழக்குவதென்றால் அதற்கு ஸ்லைடு போதாது, சொட்டுச் சொட்டாக ஊற்றும் அளவுக்குழாயான பியூரெட் வேண்டும்.

ஆக்சாலிக் அமிலம், பெர்மாங்கனேட் டைட்ரேஷனையே பாருங்கள். 0.05 மோலார் (செறிவின் அலகு) அமிலம் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் என்று மாணவரையே கணக்கிட்டு எடைபோடச் சொல்ல வேண்டும். 1.58 என்றால் சரி. 1.13 என்றால் படிகத்திலுள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளை விட்டிருக்கிறார். அந்தக் கரைசல் 20 மி.லி.க்கு 0.02 மோலார் பெர்மாங்கனேட் எவ்வளவு செலவாகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். விடை 20 மி.லி.; 50 என்று எழுதியவர் பெர்மாங்கனேட்டும் அமிலமும் வினைபுரியும் 2:5 விகிதத்தை 1:1 ஆக்கிவிட்டார். 1.13 கிராம் கரைத்தவருக்கோ 14.3 மி.லி.யிலேயே இளஞ்சிவப்பு மறையாமல் நின்று, வினை முடிந்ததைக் காட்டிவிடும். கணித்தது 20, வந்தது 14.3, ஏன்? வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது.

பயிற்சியில் ஆசிரியர்கள் வேண்டுமென்றே தப்பாகவும் செய்து பார்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலக் கரைசலை 60–70 டிகிரிக்குச் சூடாக்காவிட்டால் முதல் சொட்டுகளின் நிறமே மறையாமல் நின்று முடிவுநிலைபோல ஏமாற்றும். அதோடு சேர்க்கும் கந்தக அமிலம் குறைந்தால் குடுவை பழுப்பாகும். அதற்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அதிலுள்ள குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்று அளவீட்டைக் கூட்டிவிடும். ஒவ்வொன்றும் ஒரு வினா.

மதிப்பெண் போடுவதில்தான் சண்டை வரும். ஒரே ஐந்து விடைத்தாள்களை நகலெடுத்து எல்லாரும் தனித்தனியே திருத்திப் பார்த்தால் தெரியும். 1.13இல் தொடங்கி மற்றதெல்லாம் முறையாகச் செய்தவருக்கு ஒருவர் 8 போடுவார், இன்னொருவர் 4 போடுவார். பிழை தொடங்கிய இடத்தில் மட்டுமே மதிப்பெண் குறைய வேண்டும் என்பதை விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும். ‘முறை சரி: 3’ என்று மொட்டையாக எழுதினால் ஆளுக்கொரு கணக்குதான். கைத்திறனைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. ஒரு வகுப்புக்கு ஒரு திறன் போதும். உதாரணமாக, அடர்நிறமுள்ள பெர்மாங்கனேட்டுக்குத் திரவமட்டத்தின் மேல் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்து அளவெடுக்கிறார்களா என்பது.

பயிற்சிக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் அடுத்தடுத்து வைக்க வேண்டாம். இடையில் மூன்று வாரமாவது விட்டால்தான் பணியை வகுப்பில் நடத்தி, விடைத்தாள்களோடு இரண்டாம் நாளுக்கு வர முடியும்.

இப்படிக்கு,
மேல்நிலை வேதியியல் ஆசிரியர்கள் சிலர்