தள்ளிவைக்கும்போதே தேதியும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் நாள் குறித்த ஆபரேஷன்கள் கடைசி நேரத்தில் தள்ளிப்போவதைப் பற்றி எழுதுகிறேன். நான் ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். "இன்னைக்கு உங்களுக்கு இல்லைம்மா, அப்புறம் சொல்றோம்" என்று வார்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை பெரும்பாலும் எங்கள் தலையில்தான் விழும். ஆகவே டாக்டர்களைத் திட்டுவதற்கு இந்தக் கடிதம் இல்லை.

பல நேரம் காரணம் நியாயமாகவே இருக்கும். நான்குவழிச் சாலை விபத்தில் அடிபட்டு ஒருவர் வந்தால், குடலிறக்கத்துக்குக் காத்திருப்பவர் ஒதுங்கத்தான் வேண்டும். பல தாலுகா மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் ஒரே ஒருவர். அவரை அவசர சிசேரியனுக்குக் கூப்பிட்டுவிட்டால் மற்றதெல்லாம் நிற்கும். நோயாளி பக்கமும் தவறு உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். "வெறும் டீதானே" என்று காலையில் குடித்துவிட்டு வருவார். பால் கலந்த டீ என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்கியிருக்கவும் மாட்டார்கள்.

எனக்குப் பொறுக்காதது, முடியாது என்று தெரிந்தே போடுகிற லிஸ்ட். முந்தின நாள் சாயங்காலம் எட்டுப் பெயர் எழுதும்போதே கடைசி இரண்டு நடக்காது என்று தியேட்டரில் எல்லாருக்கும் தெரியும். யாருக்காவது காலையில் சர்க்கரை ஏறி அவர் ஆபரேஷன் நின்றுவிட்டால் மேஜை சும்மா கிடக்கக் கூடாதே என்று சேர்த்து வைப்பார்கள். தியேட்டர் கணக்குக்கு அது சரி. ஆனால் தன் பெயர் அப்படிச் சேர்க்கப்பட்டது என்று அந்தக் கடைசி இருவருக்குத் தெரியாது. முதல் ஆளைப் போலவே அவர்களும் ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து பட்டினி, மதியம் மூன்று மணிவரை.

இந்தப் பட்டினியும் தேவைக்கு அதிகம். மயக்க மருந்துக்கு முன் லேசான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததற்கு 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி என்பதுதான் பொதுவான விதி. மதியத்துக்கு மேல் முறை வருகிறவர் விடியற்காலையில் இரண்டு இட்லி சாப்பிடலாம், பிறகு தண்ணீரும் குடிக்கலாம். எல்லாருக்கும் ஒரே உத்தரவு போடுவது வார்டுக்குச் சுலபம், அவ்வளவுதான். லிஸ்ட் எங்கே நிற்கும் என்று பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஓரளவு தெரிந்துவிடும். அப்போதே சொன்னால் சாப்பாடாவது சாப்பிடுவார்கள்.

தள்ளிவைத்த பிறகு நடப்பது இன்னும் மோசம். பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு டாக்டர் குழுவுக்கும், வாரத்தில் ஓரிரு நாள்தான் தியேட்டர் முறை. வியாழக்கிழமை விட்டால் வெள்ளிக்கிழமை நடந்துவிடாது. சென்ற ஆண்டு என் அண்ணனுடைய குடலிறக்க ஆபரேஷனுக்கு நான்தான் கூட இருந்தேன். சாயங்காலம் நெருங்கும்போது இல்லை என்றார்கள். எப்போது என்றதற்கு, "போன் பண்ணுவோம்". போன் வரவேயில்லை. நாங்களே போய் மறுபடி ஓ.பி. வரிசையில் நின்றோம். ரத்தப் பரிசோதனை பழசாகிவிட்டது, புதிதாக எடு, ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கும் என்கிற ஃபிட்னஸ் சான்று மறுபடி வாங்கு என்றார்கள். அண்ணன் மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. முதல் தடவை சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவன், இரண்டாம் தடவை வர முடியவில்லை. தனியார் மருத்துவமனையில் இது நடக்காதா என்றால், நடக்கும். ஆனால் அங்கே மறுதேதி கேட்காமலே வந்துவிடும்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் ஒரு விதி இருக்கிறது. மருத்துவக் காரணம் இல்லாமல் ஆபரேஷன் நாளிலோ அட்மிஷன் நாளிலோ மருத்துவமனை ரத்து செய்தால், 28 நாளுக்குள் வேறு தேதியில் செய்துகொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நோயாளி கேட்கும் வேறு இடத்தில் அந்த மருத்துவமனையின் செலவில் செய்ய வேண்டும். அங்கேயும் இதைத் தவறவிடுகிறார்கள், கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் எத்தனை ரத்து, எத்தனை பேருக்கு 28 நாள் தாண்டியது என்ற கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. நம் ஊரில் அப்படி ஒரு கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து நான் பார்த்ததில்லை.

அவசர கேஸ்களுக்குத் தனி மேஜை, போதுமான மயக்க மருந்து டாக்டர்கள் என்றெல்லாம் கேட்டால் நிதி, பணியிடம் என்று பதில் வரும், தெரியும். ஆனால் ஒரு சீட்டுக்கு என்ன செலவு? ஏன் தள்ளிப்போனது, மறுதேதி எது என்று எழுதி யூனிட் டாக்டர் கையெழுத்துப் போட்டு நோயாளியிடம் கொடுக்கட்டும். மருத்துவமனைக் காரணத்தால் விடுபட்டவருக்கு அடுத்த முறை லிஸ்டின் முன்பக்கம் இடம் கொடுக்கட்டும். குழந்தைகளையும் சர்க்கரை நோயாளிகளையும் முதலில் எடுப்பது வழக்கம், அவர்களுக்கு அடுத்தபடியாக வைத்தால்கூடப் போதும். அந்தச் சீட்டின் நகலை மாதாமாதம் எண்ணி மாவட்ட வாரியாகச் சுகாதாரத் துறை வெளியிட்டால், எந்த ஊரில் டாக்டர் இல்லாமல் நின்றது, எந்த ஊரில் லிஸ்டை நீட்டிப் போட்டதால் நின்றது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்