சேவை உரிமைச் சட்டம் வரட்டும்; ‘விண்ணப்பம் முழுமையில்லை’ என்ற ஓட்டையோடு வர வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாளவாடிக்கு வடக்கே எல்லையைத் தாண்டினால் சாம்ராஜ்நகர். வாளையாரைத் தாண்டினால் பாலக்காடு. கர்நாடகம் 2011-இலும், கேரளம் 2012-இலும் குறித்த நாளுக்குள் அரசு சேவை பெறுவதைச் சட்டபூர்வ உரிமையாக்கிவிட்டன. இடையில் இருக்கும் கொங்குச் சீமைக்கு அந்த உரிமை இல்லை, ஏனென்றால் தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டமே இல்லை. மத்தியப் பிரதேசம் 2010-லேயே முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமாக 2011-இல் மக்களவையில் வைக்கப்பட்ட மசோதா, 2014-இல் அவை கலைந்ததும் காலாவதியானது.

சட்டம் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘இத்தனை நாளில் தர வேண்டும், தவறினால் தண்டம்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கெடு எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தக் காரணத்தால் அறுபடுகிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

மின்சாரத்தைப் பாருங்கள். அதில் நமக்கு ஏற்கெனவே உரிமை உண்டு. மின்சாரச் சட்டம் 2003-இன் 43-ஆம் பிரிவுப்படி, விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் இணைப்பு தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம். (புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு. இலவச விவசாய இணைப்புக்கான பதிவு மூப்பு வேறு விஷயம்.) இவ்வளவு கடுமையான பிரிவு இருந்தும் விசைத்தறிக் கூடத்துக்கு இணைப்புக் கேட்டு அலைபவருக்கு அது ஏன் கைகொடுப்பதில்லை? அதே பிரிவின் விளக்கம், விண்ணப்பம் என்றால் ‘எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பம்’ என்கிறது. முழுமையா, இல்லையா என்று முதலில் சொல்வது இணைப்புத் தர வேண்டிய அதே அலுவலகம். ஒரு தாள் குறைகிறது என்று சொல்லிவிட்டால் அதுவரை ஓடிய நாள் கணக்கில் வராது.

பட்டாவிலும் இதே கதைதான். பாகப்பிரிவினைக்குப் பிறகு தோட்டம் அண்ணன் தம்பி பேரில் தனித்தனியாக வர வேண்டுமானால் உட்பிரிவுப் பட்டா மாறுதல் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சர்வேயர் அளந்து, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) புது உட்பிரிவு எண் ஏறி, வட்டாட்சியர் ஒப்புதல் தர வேண்டும். வருவாய்த் துறை இதற்கு வகுத்த கெடு 30 நாள். உட்பிரிவு இல்லாத மாறுதலுக்கு 15 நாள். கெடு நெருங்கும்போது ‘மூலப்பத்திரம் இணைக்கவில்லை’ என்று நிராகரிப்பு வரும். இணைத்து மறுபடி போட்டால் புது எண், புதுக் கட்டணம், புதுக் கெடு. அடுத்த முறை ‘பத்திரப் பரப்பும் புலப்படப் பரப்பும் ஒத்துவரவில்லை’ என்பார்கள். இரண்டு குறையும் முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. கணினியில் இரண்டு விண்ணப்பமும் கெடுவுக்குள் முடிந்தவையாகவே நிற்கும்; தன் பேரில் சிட்டா இல்லாத விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் மட்டும் நின்றுபோயிருக்கும். வழக்கு, பங்காளி ஆட்சேபம் போன்ற நியாயமான நிராகரிப்புகள் உண்டு. ஒரே சர்வேயர் பல கிராமங்களைப் பார்ப்பதும், விஏஓ கூடுதல் பொறுப்பில் திணறுவதும் உண்மை. ஆகவே தண்டம் கடைசி மேஜையில் இருப்பவர் தலையில் விழாமல், கோப்பு எங்கே தேங்கியதோ அங்கே விழ வேண்டும்.

சட்டத்தில் எழுத வேண்டியது இது. ஒப்புகைச் சீட்டில் எண்ணும் தேதியும் போதாது. கெடு தேதி, பொறுப்பு அலுவலரின் பதவி, மேல்முறையீட்டு அலுவலர் மூன்றும் அச்சாக வேண்டும். குறை இருந்தால் முதல் ஏழு நாளுக்குள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத்தில் சொல்ல வேண்டும். அதன்பின் புதிதாக ஓர் ஆவணம் கேட்கக் கூடாது. குறையைச் சரிசெய்தால் பழைய எண்ணிலேயே, பழைய தேதியிலிருந்தே கணக்கு ஓட வேண்டும். மேல்முறையீட்டில் ரத்தாகும் நிராகரிப்பு, முதல் தேதியிலிருந்தே தாமதமாக எண்ணப்பட வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் வரும் சட்டம் நிராகரிப்புகளைத்தான் பெருக்கும்.

இழப்பீட்டுத் தொகையையும் யோசிக்க வேண்டும். கர்நாடகத்தில் நாளுக்கு 20 ரூபாய், உச்சம் 500. கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருபவருக்கு அது எந்த மூலைக்குக் காணும்? மத்தியப் பிரதேசம் வைத்த நாளுக்கு 250, உச்சம் 5,000 என்பதே குறைந்தபட்சமாக இருக்கட்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்று 2015-இல் வந்த அரசாணை எண் 99 சொல்கிறது. மீறினால் விண்ணப்பதாரருக்கு இழப்பீடு எதுவும் அதில் இல்லை. தண்டம் உள்ளது தகவல் உரிமைச் சட்டத்தில்: நாளுக்கு 250, உச்சம் 25,000. கெடு தாண்டிய மறுநாளே 6(1) பிரிவில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்காதீர்கள். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வரும். விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்பதற்கான பதிவேட்டு நகலும் கோப்புக் குறிப்புகளின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பட்டா நிராகரிக்கப்பட்டால் உடனே புது விண்ணப்பம் போடுவதே இங்கே வழக்கமாகிவிட்டது. குறை உண்மையிலேயே இருந்தால் அது சரி. ஆவணம் சரியாக இருந்தும் நிராகரித்திருந்தால், உத்தரவின் நகலை வாங்கி, 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்போதுதான் முதல் விண்ணப்பத் தேதி ஏட்டில் நிற்கும்.

இப்படிக்கு,
வாசகர், காங்கேயம்