தெற்குச் சன்னல் பக்கம் தையல் மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் நெருங்க நெருங்க மொரீசியசில் நம்மவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை துணி, பாசிமணி, ஜரிகை, மயிலிறகு என்று நிறைந்துவிடுகிறது. வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் அதைக் கைவேலைக்கென்றே ஒதுக்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. நல்ல எண்ணம். ஆனால் அப்படி ஒதுக்குகிறவர்கள் தமிழ்நாட்டு இதழ்களிலும் யூடியூப் காட்சிகளிலும் வரும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவை அந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் சொன்னவை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில், நாலா பக்கமும் கடல். அறையும் அதற்குத் தக்கபடி அமைய வேண்டும்.

‘வடக்குச் சன்னலோரம் மேசை போடுங்கள், நேர் வெயில் விழாது’ என்பது அங்கே பெரும்பாலும் சரி. இங்கே வடக்குச் சன்னல்தான் ஆண்டின் பெரும்பகுதி வெயில் வாங்குகிறது. அதன் எதிரே அடுக்கிவைத்த பருத்தித் துணியில் வெளியே தெரியும் மடிப்பு மட்டும் கோடுபோல வெளுக்கும். நூல்கண்டின் மேல்சுற்று நைந்து, தைக்கும்போது அறுந்துகொண்டே இருக்கும். நிறம் பார்த்துச் சேர்க்கும் வேலைக்குத் தெற்குச் சன்னல்தான் ஏற்றது. வெளிச்சம் காலை முதல் மாலை வரை பெரிதாக மாறாது. நவம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி பிற்பாதி வரை உச்சி வெயில் சற்றே தெற்கே சாயும். சன்னலுக்கு மேல் சிறு நிழற்கூரை இருந்தால் அதுவும் உள்ளே வராது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. கியூர்ப்பிப், வாக்கோவா போன்ற மேட்டுப் பகுதிகளில் தூறலையும் கூட்டிக்கொண்டு வரும். நாக்கோ சன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே சாரல் நுழையும். அதனால் மேசையைச் சன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். வலக்கையால் வேலை செய்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் ஊசிமேலேயே விழும். இரவு வேலைக்கு 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான எல்.இ.டி. விளக்குப் போதும். பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்குமேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு விளக்கில் காவடி உடுப்பின் இளஞ்சிவப்பு வேறு நிறமாகத் தெரியும். இரவில் சேர்த்த நூல் காலையில் சேராது.

அடுத்தது ஈரம். கைவேலைப் பொருளைக் கெடுப்பதில் இதற்கு இணை எதுவும் இல்லை. அலமாரி வாங்கும் முன் ஒரு சிறு ஈரமானி வாங்கி, அந்த அறையிலேயே இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை பிடிப்பது அரிது. 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதம் தொய்யும், ஊசியில் துருப் புள்ளி விழும், அந்த ஊசி பட்டுத்துணியில் விடும் பழுப்புக் கறை எளிதில் போகாது. அத்தகைய அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி வைக்கலாம். அல்லது வேறு அறையைப் பார்க்கலாம்.

மூடி இறுகும் பெட்டிகள் வாங்கினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத் துணியை உள்ளே வைத்து மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும். இஸ்திரி போட்ட துணி அரைமணி நேரம் ஆறிய பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். கூடவே சிலிக்கா ஜெல் பை. ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் ஏறினால் பச்சையாகும். அப்போது மணிகளை ஒரு தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். அரிசி முடிந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், வண்டு வரும். ஊசி, குண்டூசி, பாசிமணி, காகிதம், பசைக்குச்சி ஆகியவை இறுகிய பெட்டிக்குரியவை. பட்டும் ஜரிகையும் அப்படியல்ல. துவைத்து உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஜரிகைச் சுருளை ரப்பர் பேண்டால் கட்டவே கட்டாதீர்கள்: ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளி இழையைக் கறுப்பாக்கிவிடும். நூலால் கட்டினால் போதும்.

மயிலிறகில் பூச்சி முட்டை இருந்தால் அடுத்த ஆண்டு எடுக்கும்போது வெறும் நரம்புதான் மிஞ்சும். பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த இறகின்மேல் நீர் கோக்கும். முருகனுக்குரிய இறகை மாமிசத்தோடு வைக்க மனம் வராதவர்கள், விரதத்துக்காகப் பெட்டி காலியாகும் நாள்களில் இதைச் செய்துகொள்ளலாம்.

மரத்தூள் அழுத்திச் செய்த பலகை அலமாரிகள் கடையில் அழகாக இருக்கும். ஈரத்தில் ஊதி, திருகாணி பிடி விட்டுவிடும். 18 மில்லிமீட்டர் பலகையானாலும் தாங்கிக்குத் தாங்கி 60 சென்டிமீட்டருக்கு மேல் போனால் துணிச் சுமையில் நடுவே தொங்கும். கிரியோலில் ‘காரியா’ என்று நாம் சொல்லும் கறையானையும் நினைத்துப் பார்த்தால், துளையிட்ட இரும்புச் சட்ட அலமாரியே மேல். வெளிச்சுவரை ஒட்டாமல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும். 2013 மார்ச் 30-ஆம் தேதியும், 2024 ஜனவரியில் பெலால் புயலின்போதும் போர்ட் லூயிஸில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறியது என்பதை நாம் பார்த்தோம்.

துணி வெட்டும் மேசையும் தைக்கும் மேசையும் ஒரே உயரத்தில் இருந்தால் முதுகு வலி நிச்சயம். தைக்க 72 முதல் 75 சென்டிமீட்டர். வெட்டுவதற்கு நின்றபடி முழங்கையை மடக்கி, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே. பெரும்பாலோருக்கு இது 90 அளவில் வரும். மேசையைச் சுற்றி மூன்று பக்கமாவது 60 சென்டிமீட்டர் நடைவழி வேண்டும்.

தையல் ஆலைகளிலிருந்து வந்த பழைய பெரிய மிஷினையும் வீட்டு மிஷினையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஊசிகளைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஆலை மிஷினுக்குப் பொதுவாக டிபி×1, அடி உருண்டை. வீட்டு மிஷினுக்கு ஹெச்ஏ×1, அடியில் ஒரு பக்கம் தட்டை. மாற்றிப் போட்டால் தையல் விட்டு விட்டு விழும், ஊசியும் முறியலாம். மிஷினுக்கு விடுவது தெளிந்த மிஷின் எண்ணெயாக மட்டும் இருக்கட்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும். இஸ்திரிப் பெட்டிக்குச் சுவரில் தனிப் பிளக். மிஷினோடு சேர்த்து ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டக் கூடாது. 2000 வாட் பெட்டி 230 வோல்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; சுருட்டி வைத்த கம்பி அதில் சுட்டு உருகும்.

பொருளை எப்படிப் பிரித்து வைப்பது? நிறவாரியாக அடுக்குவது பார்க்க அழகு, வேலைக்கு உதவாது. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் ஆலைகளில் தைத்த பெண்களுக்கு இதைவிட நல்ல முறை தெரியும்: ஓர் உடுப்புக்கு வெட்டிய துண்டுகளெல்லாம் ஒரே கட்டு, அதில் ஒரு சீட்டு. வீட்டிலும் ஒரு வேலைக்கு ஒரு தட்டு என்று வையுங்கள். ரவிக்கைத் தட்டில் வெட்டிய துண்டு, உள்துணி, கொக்கி, அதே நிற நூல் சுற்றிய பாபின், அளவு எழுதிய சீட்டு. பாதியில் எழுந்து போனாலும் மறுநாள் தேட வேண்டாம். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறித் துணியில் படியும். இளஞ்சிவப்பும் சிவப்பும் வெள்ளையோடு ஒரே தட்டில் வேண்டாம். நனைத்த வெள்ளைத் துணியைச் சாயத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும்.

கடைசியாகப் புயல். முதலாம் எச்சரிக்கை வந்தவுடன் கீழ்த்தட்டுப் பொருளை மேலேற்றி, பெட்டிகளை மூடிவிடுங்கள். இரண்டாம் எச்சரிக்கையில் பிளக்குகளைக் கழற்றி, மிஷினைச் சன்னலிலிருந்து நகர்த்தி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். புயல் போனதும் அந்த விரிப்பை உடனே எடுத்துவிட வேண்டும், அடியில் நீர் கோக்கும். பெட்டிகளை மட்டும் ஈரமானி 60-க்கு இறங்கும்வரை திறக்காதீர்கள்.

இங்ஙனம்,
தையல் கற்றுத்தரும் வாசகர்,
ரோஸ் ஹில், மொரீசியசு