‘பயப்படாதே’ என்றால் பயம் போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் முறை கருவுற்ற பெண், நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே வரவில்லை என்றால், “பயப்படாதே, குழந்தைக்கு ஆகாது” என்கிறார்கள். பயந்துவிட்டோமே என்ற பயமும் அவளுக்குச் சேர்ந்துகொள்கிறது.

எல்லாப் படபடப்பும் மனதால் மட்டுமே வருவதல்ல. கர்ப்ப காலத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பால் சும்மா இருக்கும்போதுகூட லேசாக மூச்சு வாங்கும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் பதற்றம் போலவே தெரியும். ஆகவே முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கப்பட வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதற்றம்தான் என்று தெரிந்த பிறகு, “நல்லா மூச்சை இழு” என்று சொல்லிக்கொடுப்பதில் ஒரு தவறு நேர்கிறது. வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், பயம் இன்னும் ஏறும். நீள வேண்டியது வெளிவிடும் மூச்சு. மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். அடக்கக் கூடாது. 5 நிமிடம் போதும். மாதம் ஏறிய பிறகு மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது. கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். சாய்ந்து உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம்.

குழந்தை அசையவில்லையே என்பதுதான் பலரை இரவெல்லாம் விழிக்கவைக்கிறது. முதல் கர்ப்பத்தில் 20 வாரம் தாண்டியும் அசைவு தெரியாமலிருப்பது உண்டு. ஆனால் 24 வாரத்திலும் தெரியாவிட்டாலோ, தெரிந்துகொண்டிருந்த அசைவு குறைந்தாலோ, அதைப் பதற்றம் என்று யாரும் ஒதுக்கக் கூடாது. விடியும்வரை காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் கரு உறுதியானதும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மகப்பேறு மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். எடின்பரோ வினாத்தாள் என்று ஒன்று இருக்கிறது. கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக 1987இல் வெளிவந்தாலும் கர்ப்ப காலத்துக்கும் பயன்படுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் கொடுங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்திலிருந்தால் உண்மை வராது. 10ஆவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ‘இல்லை’ தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாகவே இருந்தாலும், அன்றைக்கே மனநல மருத்துவர் பார்க்காமல் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியர்கள் சிலர்