நாய் விடுதி நடத்துவோருக்கு: அந்தப் பழக்கலவைக் கிண்ணத்தை நிறுத்துங்கள்

வணக்கம்.

தங்க வந்த நாய்க்கு மாலையில் ஒரு கிண்ணம் பழக்கலவை வைப்பதை உங்களில் பலர் உபசரிப்பாக நினைக்கிறீர்கள். நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள் பழத்தை மறுக்கவில்லை. கலவையைத்தான் வேண்டாம் என்கிறோம். நான்கைந்து பழங்கள் ஒன்றாக உள்ளே போனபின் வயிறு கெட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லவே முடியாது. அதைவிட மோசம், கலவைக்குள் திராட்சை வந்துவிடுகிறது.

பச்சை, கறுப்பு, விதையில்லாதது, உலர்ந்தது எதுவானாலும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் கருதப்படுகிறது. புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. பழத்துக்குப் பழம் அமிலத்தின் அளவு மாறுவதால் ‘இத்தனை தின்றால் பரவாயில்லை’ என்ற கணக்குக் கிடையாது. போன தடவை தின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்பதும் செல்லாது. வாந்தி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வரும். சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். அதற்குள் நாய் வீடு திரும்பியிருக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே தின்றது தெரிந்த உடனே, அறிகுறிக்குக் காத்திராமல், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எத்தனை பழம், எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்று குறித்துக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம்.

இனி அளவு. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கலோரிதான், பிஸ்கட் உட்பட எல்லாத் தின்பண்டத்துக்கும் சேர்த்து. ஆப்பிளில் இது 110 கிராம் அளவில் முடிந்துவிடும், வாழைப்பழத்தில் 65 கிராமிலேயே. இது உச்ச வரம்பு. முதல் தடவை என்றால் கட்டைவிரல் நகத்தளவில் இரண்டு மூன்று துண்டு கொடுத்து, மலம் இளகுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். பிறகுதான் அடுத்த பழம்.

ஆப்பிள் விதையில் சயனைடு உண்டு என்று பலரும் பயப்படுகிறார்கள். மெல்லாமல் விழுங்கிய ஓரிரு விதையால் ஆபத்து வருவது அரிது. நடுத்தண்டு தொண்டையில் சிக்குவதுதான் அதைவிடக் கவலைக்குரியது. இரண்டையும் நீக்கிவிடுங்கள். மாங்கொட்டையை நாய் சப்பிக்கொண்டே இருந்து சட்டென்று விழுங்கிவிடும். குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான் வழி. தர்பூசணியின் தடித்த தோலும் செரிக்காது.

உலர்பழம், ஜாம், பழரசம் எதுவும் வேண்டாம். சர்க்கரை சேர்க்காதது என்று விற்பவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் இன்னும் ஆபத்து: 10 கிலோ நாய்க்கு ஒரு கிராமே ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி கூட்டுங்கள்: நீரிழிவு, கணைய அழற்சி, மருத்துவர் எழுதிக்கொடுத்த தனி உணவு ஏதேனும் உண்டா? ஒன்று இருந்தாலும், அந்த மருத்துவரைக் கேட்காமல் பழம் கிடையாது.

பணியாளர்கள் தங்களுக்குக் கொண்டுவரும் திராட்சைக்கும் கூண்டுப் பக்கம் இடம் வேண்டாம். கீழே உருண்ட ஒன்றை நீங்கள் குனிவதற்குள் நாய் எடுத்துவிடும்.

இப்படிக்கு,
நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள்