செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் வரும்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது, நான்கு முறை கூடியது. சொற்பொழிவு ஒன்று நடந்தது. நூலக அலமாரிக்குப் பூட்டு மாற்றப்பட்டது.

இனி, பழைய கல்லறைத் தோட்டத்தில் நடத்திய வழிகாட்டி நடை. இதை நான் முன்மொழிந்தபோது, "சுற்றிப் பார்க்க வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் 34 பேர் பெயர் கொடுத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வழிகாட்டிக்கு முன்பணமும் கட்டினேன். அன்று காலை வாசலில் நின்றவர்கள், என்னையும் சேர்த்து, 11 பேர். லேசான தூறல்தான். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஊர் நடுவில் எதற்கு இத்தனை பெரிய கல்லறைத் தோட்டம் என்று கேட்டோம். அமைத்தபோது அது ஊருக்கு வெளியே இருந்ததாம், ஊர்தான் வளர்ந்து வந்து சூழ்ந்துகொண்டது. பாரிஸிலும் இதே கதைதான். நகருக்குள் இருந்த இடுகாடுகள் நிரம்பி நாற்றமும் நோய்ப் பயமும் பெருகவே, 1804இல் எல்லைக்கு வெளியே பேர் லாஷேஸ் என்ற கல்லறைத் தோட்டத்தைத் திறந்தார்கள். 1860இல் அந்தப் பகுதியே நகரோடு சேர்ந்துவிட்டது. திறந்த ஆண்டில் அங்கே அடக்கமானவர்கள் 13 பேர்தானாம்; அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனமில்லை. 1817இல் நாடக ஆசிரியர் மோலியேர், கவிஞர் லா ஃபோன்தேன் ஆகியோருடையவை என்று சொல்லப்பட்ட எலும்புகளைக் கொண்டுவந்து வைத்த பிறகே கூட்டம் சேர்ந்தது. நம் சங்கத்தால் அதெல்லாம் முடியாது.

பாதியில் முறிந்து நின்ற தூண் ஒன்றைக் கண்டு, பழுதுபார்க்க மனு கொடுக்கலாம் என்றார் பொருளாளர். அது முறியவில்லை, செதுக்கியதே அப்படித்தான். இளம் வயதில் இறந்தவர் என்று பொருளாம். பாசி படிந்த கல்லைத் தேய்க்க ஒருவர் நல்லெண்ணத்தோடு கம்பி பிரஷ் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டி பதறிப்போனார். பழைய பளிங்கின் மேற்பரப்பு சர்க்கரைபோல உதிரும், பாசியோடு எழுத்தும் போய்விடும் என்றார்.

தூறல் நின்று வெயில் வந்ததும், வழவழவென்று எழுத்தே இல்லாததுபோல் இருந்த ஒரு கல்லின் பக்கவாட்டில் வழிகாட்டி நிலைக்கண்ணாடியைப் பிடித்தார். ஒளி சாய்வாக விழுந்ததும் பள்ளங்களில் நிழல் கட்டியது. ஒரு பெயர், அப்புறம் 'ஏழு மாதம்' என்ற இரண்டு சொற்கள். மேலே உருண்டையாகத் தேய்ந்து கிடந்தது, குழந்தைகளின் கல்லறையில் செதுக்கும் ஆட்டுக்குட்டி என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் பேசவில்லை. வராத 23 பேரும் இதைப் பார்த்திருக்கலாம்.

வரவு செலவு ஏறக்குறைய ஒட்டியே இருந்தது; எந்தப் பக்கம் ஒட்டியது என்பதைப் பொருளாளர் விளக்குவார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் 19 பேர். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

ஒத்துழைத்த அனைவருக்கும், அச்சிட்டவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்ச்சி. யாரும் முன்வராவிட்டால், சரி, பார்க்கலாம். தோட்டத்தின் மேற்குப் பகுதி முழுக்க மீதமிருக்கிறது. சங்கத்துக்கென்று ஒரு கண்ணாடியும் வாங்க வேண்டும். அன்று பிடித்தது என் வீட்டுக் கண்ணாடி. ஓரம் உடைந்திருப்பதை வீட்டில் பார்த்துவிட்டார்கள்.