பதக்கங்களுக்கு அப்பால்

ஐயா,

ராயபுரத்தைச் சேர்ந்த முன்னாள் குத்துச்சண்டை வீரரின் மறைவுச் செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். வென்ற பதக்கங்களை வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள், சரி. ஆனால் எங்கள் பகுதி அவரை நினைப்பது அதற்காக மட்டுமல்ல. காலைப் பூசை முடிந்த கையோடு மாதா கோயிலிலிருந்து நேரே திடலுக்கு வருவார். காசிமேட்டுப் பையன்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுப்பார். என் மகனும் அவர்களில் ஒருவன். கையில் சுற்றும் பட்டைத் துணிகளை அவர் மனைவிதான் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டு, சுருட்டித் தருவார். அப்புறம் ஆளுக்கொரு அவித்த முட்டை. சொந்தப் பிள்ளைகளுக்கே இழுத்துப் பிடித்துச் செலவு செய்த வீடு அது.

2024 கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமாவும் இந்த வட சென்னைப் பிள்ளைதான். ஆட்டோ ஓட்டும் தந்தையே அவருக்குப் பயிற்சியும் தந்தார். இப்படிப்பட்டவர்களால்தான் இங்கே வீரர்கள் உருவாகிறார்கள். அந்தக் குத்துச்சண்டை வீரர் பயிற்சி தந்த திடலுக்கு மாநகராட்சி அவர் பெயரையே வைக்க வேண்டும். திறப்பு விழாவில் அவர் மனைவியை மேடையேற்ற வேண்டும்.

- ஒரு தாய், காசிமேடு